தானாக விழுந்தவள்

என் வலது கை ஆள்காட்டி விரலுக்கு இப்போது எதுவும் தெரிவதில்லை. காபி டம்ளரின் சூடு தெரியாது. காய் நறுக்கும்போது கத்தி பட்டாலும் தெரியாது, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பது வருடம் எனக்குச் சோறு போட்ட விரல் அது.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலை ஆறு மணிக்குச் சைக்கிளை எடுத்தால் ஒன்பதுக்குள் பத்துப் பன்னிரண்டு வீடு முடித்துவிடுவேன். சர்க்கரைக்காரர்கள், தைராய்டுக்காரர்கள், காலைக் காபி கிடைக்காத கடுப்பில் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரிட்டயர்டு ஆபீசர்கள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் ஆள்காட்டி விரலை வைத்து லேசாக அழுத்தினால், உள்ளே ரத்தக்குழாய் மெத்தென்று துள்ளும். அது கண்ணுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கண்ணால் பார்த்துக் குத்துகிறவர்கள் கற்றுக்குட்டிகள். எண்பது வயதுக் கையிலும் ஒரே குத்தில் எடுப்பவள் என்று எனக்குப் பெயர். வேறு யாராவது போனால், "சைக்கிள் அம்மா வரலையா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்களாம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

குத்துவது வேலையில் பாதிதான். மீதி, லேபிள் ஒட்டுவது. ட்யூபில் இருக்கும் ரத்தம் யாருடையது என்று ரத்தம் சொல்லாது. மேலே ஒட்டிய சீட்டுதான் சொல்லும். ஆளின் பக்கத்திலேயே உட்கார்ந்து, பெயரைக் கேட்டு, எழுதி, ஒட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களை இதற்காக வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு ட்யூபில்கூட நான் தப்பு லேபிள் ஒட்டியதில்லை. எனக்கு நானேதான் ஒட்டிக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன், இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்த ஒரு காலை. நான்காவது வீட்டை முடித்துக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். என் வலப்பக்கமாக முந்திப் போன ஒரு வெள்ளை டாக்சி, இண்டிகேட்டர் போடாமல், என்னைக் குறுக்கே வெட்டி இடப்பக்கக் கிராஸ் தெருவுக்குள் திரும்பியது. நான் அதன் கதவில் மோதி, வலது உள்ளங்கையை ஊன்றி ரோட்டில் விழுந்தேன். மணிக்கட்டுக்குள் முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஐஸ் பெட்டி திறந்து ட்யூபெல்லாம் உருண்டு ஓடியது. "ஐயோ, என் சாம்பிள்!" என்று கத்தினேன். கை உடைந்த நேரத்தில் எனக்குக் கவலை அதுதான்.

டிரைவர் இறங்கி ஓடி வந்தார். முப்பது வயது இருக்கும். "அக்கா, தமிழா நீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். ட்யூப்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். சைக்கிளை எதிரே இருந்த பால் பூத்தில் விட்டுவிட்டு என்னைத் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வழியில் என் சொந்த ஊரைக் கேட்டார். வேலை தேடி என் அப்பா பெங்களூர் வந்தது திருப்பத்தூர் பக்கத்திலிருந்து. டிரைவருக்கும் அதே பக்கம்தான். அதைக் கேட்டதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டார்.

"மேப் பாத்துனே திரும்பிட்டேன்க்கா, தப்பு என்னுதுதான். ஆஸ்பத்திரில ஆக்சிடென்ட்டுனு சொன்னா போலீசு வரும். வண்டிய ஸ்டேஷன்ல நிறுத்திருவாங்க. லோன் வண்டிக்கா, எடுத்து ரெண்டு மாசந்தான் ஆவுது. செலவெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்களே விழுந்துட்டேன்னு மட்டும் சொல்லிருங்கக்கா. உங்க தம்பினு நெனைச்சுக்குங்க."

எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் எப்படி அடிபட்டது என்று கன்னடத்தில் கேட்டார். ஈரத்தில் வழுக்கி நானே சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் அதைக் கேஸ் ஷீட்டில் ஒரே வரியில் எழுதினார். டிரைவர் கதவருகே கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். வெறும் இரக்கத்தால் சொன்னேன் என்று இன்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். கை முறிவுதானே, ஆறு வாரத்தில் கூடிவிடும், இதற்குப் போய் யார் ஸ்டேஷனுக்கு அலைவது என்ற சோம்பலும் அதில் இருந்தது.

எலும்பு கூடியது. பிளேட் வைத்துத் திருகு முடுக்கிய டாக்டர் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்தே கிடந்தன. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று ஒரு மாதம் கழித்துச் சொன்னார்கள்.

அன்று என் வீட்டுக்காரர் வாய் திறந்தார். "ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கறவ, உனக்குனு வந்தப்ப மூளைய எங்க வெச்ச? பெரிய கொடைவள்ளல் இவ." இரண்டு நாள் திட்டினார். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் எனக்குத் தலை பின்னிவிட ஆரம்பித்தார். திட்டியதே தேவலை என்று இருந்தது.

டிரைவர் ஓடி ஒளிந்துவிடவில்லை. விரல் விஷயம் கேள்விப்பட்டதும் அவரே வந்தார். "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குக்கா. கம்பெனிதான் குடுக்கணும். நான் வந்து ஒத்துக்கறேன்" என்று என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். அங்கே எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் கேஸ் ஷீட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே எழுதினார். டிரைவர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டினார். ஆனால் நசுங்கிய கதவை மறுநாளே தட்டிப் பெயின்ட் அடித்துவிட்டிருந்தார். கிராஸ் முனை பேக்கரியின் கேமராவில் பதிவானது பதினைந்து நாளில் தானே அழிந்துபோயிருந்தது. பால் பூத்காரர், சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன், கோர்ட்டுக்கெல்லாம் வரமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நடுவில் வேலைக்குத் திரும்பிப் பார்த்தேன். பழக்கமான வீடு, என்னைத் தவிர யாருக்கும் கை நீட்டாத பெரியவர். பட்டையைக் கட்டி விரலை வைத்தேன். மரக்கட்டைமேல் வைத்த மாதிரி இருந்தது. கண்ணால் தேடினேன், கிடைக்கவில்லை. தோராயமாகக் குத்தினேன். மூன்று தடவை. அவர் கை நீலமாக வீங்கியது. நான் எடுப்பதை நிறுத்தியதும், "பரவால்லம்மா, நாளைக்கு வேற யாரையாச்சும் அனுப்பு" என்றார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். படியிறங்கி அவர் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். லேபில் கொஞ்ச நாள் டோக்கன் கொடுக்க உட்காரவைத்தார்கள். பிறகு அதற்கும் வேண்டாம் என்றார்கள்.

ஆகவே நஷ்ட ஈடு என்பது எனக்குப் பரிசுச் சீட்டு அல்ல. இனி இந்தக் கையால் செய்ய முடியாத வேலைக்குப் பதில் அது. என் வக்கீல் கன்னடத்துக்காரம்மா, சினிமா பார்த்துக் கற்ற தமிழில் பேசுவார். "டிரைவரே ஒத்துக்கறான் அல்லவா, ஜெயிச்சுடலாம்மா" என்றார். நானும் நம்பினேன்.

நஷ்ட ஈட்டு வழக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். கேள்வி கன்னடத்தில்தான், பதிலும் அப்படித்தான்.

"உங்க தாய்மொழி?"

"தமிழ்."

"டிரைவரோட தாய்மொழி?"

"தமிழ்."

"அவர் ஊர்?"

"எங்க அப்பா ஊர்ப் பக்கம்."

"முதல் நாள் ஆஸ்பத்திரி பில் கட்டினது யார்?"

"அவர்."

"போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனது?"

"அவர்தான்."

"பொங்கலுக்கு உங்க வீட்டுக்கு வந்தாரா?"

கம்பெனி ஆள் எங்கள் தெருவில் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. "வந்தார்" என்றேன். கரும்பும் ஒரு பை வேர்க்கடலையும் கொண்டுவந்தார் என்பதையும் கேட்காமலே சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது என்ற திமிர். என் வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்க மெடிக்கல் லைன்ல பத்தொன்பது வருஷம் இருந்தவங்க. கேஸ் ஷீட்ல எழுதறது எவ்வளவு முக்கியம்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்ச நீங்க தப்பா எழுத விடுவீங்களா?"

விடமாட்டேன் என்றால் நான் தானாக விழுந்தவள். விடுவேன் என்றால் பொய்க்காரி. "அன்னைக்கு விட்டுட்டேன்" என்றேன்.

"அதாவது ஆஸ்பத்திரியில சொன்னது பொய். இங்க சொல்றது மட்டும் நிஜம்."

அது கேள்வி இல்லை. அவர் உட்கார்ந்துவிட்டார்.

எமர்ஜென்சி டாக்டரையும் வரவழைத்திருந்தார்கள். அவருக்கு என்னை ஞாபகம் இல்லை. பேப்பரைப் பார்த்து அந்த ஒரு வரியைப் படித்தார், நோயாளி சொன்னதைத்தான் எழுதினேன் என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

டிரைவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். "நான்தான் சார் இடிச்சேன். நான்தான் அக்கா கால்ல விழாத குறையா கெஞ்சி அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றார். கம்பெனி வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க இடிச்சதா சொல்றதால உங்க பாக்கெட்லேர்ந்து ஏதாவது போகுமா?" டிரைவர் யோசித்தார். "போகாது சார், கம்பெனிதான் கட்டும்" என்றார். நல்ல மனுஷன், அதற்கும் உண்மையையே சொன்னார்.

தீர்ப்பு வர இன்னும் ஏழு மாதம் ஆனது. என் வக்கீல் காரிடாரில் நிறுத்திப் படித்துச் சொன்னார். வாகனம் மோதியது நிரூபிக்கப்படவில்லை. புகார் தாமதமாகக் கொடுக்கப்பட்டது. மனுதாரரும் டிரைவரும் வேண்டியவர்கள். சம்பவம் நடந்த உடனே மனுதாரர் தன் வாயால் சொன்னதே நம்பத்தக்கது. அவர் சைக்கிளிலிருந்து தானாக விழுந்தவர். மனு தள்ளுபடி.

"ஹைகோர்ட் போகலாம்மா. மூணு வருஷம், நாலு வருஷம் ஆகும், ஆனா போகலாம்" என்றார் வக்கீல். அந்த நீதிபதியைக்கூட என்னால் மனசாரத் திட்ட முடியவில்லை. லேபிளும் ரத்தமும் ஒத்துப்போகாத ட்யூப் என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் குப்பையில்தான் போட்டிருப்பேன்.

வெளியே வேப்ப மரத்தடியில் டிரைவர் காத்திருந்தார். "அக்கா, நான் ஒழுங்காத்தானே சொன்னேன்?" என்றார். "ஒழுங்காத்தான் சொன்னீங்க" என்றேன். அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன். இடித்துவிட்டு நிற்காமல் ஓடியிருந்தால் ரோட்டில் யாராவது நம்பரைப் பார்த்திருப்பார்கள், அன்றே போலீஸ் வந்திருக்கும், எல்லாம் உள்ளபடி எழுதப்பட்டிருக்கும். அவர் நின்றார், தமிழில் பேசினார், ட்யூபைப் பொறுக்கினார், கரும்பு கொண்டுவந்தார். அத்தனையும் எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வீட்டில் கொண்டு விடுகிறேன் என்று கதவைத் திறந்தார். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று நடந்தேன். அதற்குப் பிறகு அவர் போனை நான் எடுப்பதில்லை. எடுக்காமல் இருப்பதும் ஒவ்வொரு தடவையும் வலிக்கத்தான் செய்கிறது.

மேல்முறையீட்டுக்கான நாள் கடந்துபோனது. காகிதங்களை வீட்டுக்காரர் பழைய புடவைக்குள் சுற்றி பீரோ மேல் போட்டுவிட்டார்.

போன மாதம் குளிரில் பிளேட் கடுக்கிறது என்று வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிளேட்டை எடுத்துவிடலாம், விரல் உணர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். புதிதாகக் கேஸ் ஷீட் போட்டார்கள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "அடி எப்படிப் பட்டதும்மா?" என்று கேட்டார். டாக்சி, சரிவு, வெள்ளைக் கதவு எல்லாம் தொண்டைவரை வந்தது. சொன்னால் எந்த டாக்சி என்பார், போலீஸ் கேஸ் ஆயிற்றா என்பார், கோர்ட் என்ன சொன்னது என்பார். பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைக்கிள்ல போனப்ப நானே விழுந்துட்டேன்" என்றேன்.

டாக்டர் டைப் அடித்தார். இந்தத் தடவை அப்படிச் சொல்லச் சொல்லி என்னை யாரும் கெஞ்சவில்லை.