ஹேண்டில் திரும்பிய நாள்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளில் எங்களுடையது கடைசி. நடை பழகுமுன்பே வந்த காய்ச்சலில் என் வலக்கால் சூம்பிப்போனது; வீட்டுக்குள் சுவரைப் பிடித்துத்தான் நடப்பேன். வாசலில் உட்கார்ந்தால் தெருமுனை வரை தெரியும். அதற்கு அப்பால் ஒரு பக்கம் மீனும் காய்கறியும் விற்கும் பாசார், மறுபக்கம் ஆறு என்று கேள்விப்பட்டிருந்தேன். கணவர் வேலைக்குப் போனபின் அந்த முனையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். வெயிலில் அது லேசாக அசைவதுபோல் இருக்கும்.

யார் துணையும் இல்லாமல் பாசாருக்குப் போய் நானே மீன் வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் வாங்கி வரும் மீனைப் பூனைகூட யோசித்துத்தான் தின்னும். இதை அவரிடமே சொன்னேன். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய இரும்பைச் சேர்த்து, இடக்காலால் மட்டும் மிதிக்கிற மாதிரி மூன்று சக்கர வண்டி ஒன்று கட்டினார்.

முதல் நாள் தெருமுனை வரை தேர்போலப் போனேன். அங்கே கைப்பிடியைத் திருப்பினால் அது அசையவே இல்லை. நேராகச் சாக்கடைக்குள் இறங்கினேன். தண்டவாளம் போடும் கூட்டத்தில் வேலை அவருக்கு. அவர் அறிந்த சக்கரமெல்லாம் நேராகத்தான் ஓடும்; திருப்புவது தண்டவாளத்தின் பாடு. அதனால் முன்சக்கரத்தை அசையாமல் முடுக்கிவிட்டு, நான் பிடித்துக்கொள்ள மேலே ஒரு கம்பி வைத்திருந்தார்.

"தண்டவாளம் இருந்திருந்தா திரும்பியிருக்கும்லா," என்றார், என்னைத் தூக்கிக்கொண்டே.

"அப்ப பாசார் வரைக்கும் தண்டவாளம் போடுங்க," என்றேன். கோபத்தோடு அழுகையும் வந்தது.

மறுநாள் சீனர் ஒருவரின் பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு உடைந்த சைக்கிள்களைத் தூக்கி வந்தார். ஒன்றின் ஹேண்டில் நன்றாக இருந்தது. மற்றதில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவையும், அது சுழலும் கழுத்துக் குழாயும் தேறின. ஹேண்டில் தண்டு மெலிசாக இருந்ததால், பால் டின் தகரத்தை வெட்டிச் சுற்றி இறுக்கினார். கழுத்துக்குள் எஃகு குண்டுகளை அடுக்குவது என் வேலை. கிரீஸில் அவை ஒவ்வொன்றாக அமர்ந்துகொண்டன.

வண்டியில் பூட்டும்வரை பகலெல்லாம் பொருத்திய அந்தக் கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஹேண்டிலைத் திருப்புவேன். சத்தமே இல்லாமல் திரும்பும். இடப்பக்கம் திருப்பினால் பாசார், வலப்பக்கம் ஆறு. பார்த்தேயிராத அந்த ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு நெடுநேரம் இருப்பேன். கண்ணைத் திறக்கும்போது அடுப்பில் சோறு தீய்ந்திருக்கும்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறு, நானும் கூட வரேன்," என்றார், எல்லாம் பூட்டி முடித்ததும். தலையாட்டினேன்.

மறுநாள் உச்சி வெயில் தாழ்ந்ததும் சுவரைப் பிடித்து வண்டியில் ஏறினேன். தெருமுனையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பினேன். வண்டி திரும்பியது. எங்கள் வீடு கண்ணிலிருந்து மறைந்தது. அப்படியொரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. முதலில் ஆற்றுக்குப் போனேன். செம்மண் நிறத் தண்ணீர் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது; பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். பிறகு பாசாரில் செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி மீன் வாங்கினேன்.

வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவர் வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க போயிருந்தே?" என்றார். எழுந்து வந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.