டாக்டர் சுஹைரின் நூறாவது புத்தகம்

எங்கப்பா நஷாத் ஹபீப் ஒரு ஆள் இல்லை, ஐந்து ஆள். கெய்ரோவின் ஃபக்காலா தெருப் பதிப்பகத்துக்குப் பேய்க்கதை எழுத ஒரு பேர், துப்பறியும் கதைக்கு வேறொன்று, விண்வெளிக்கு ஒன்று, பிள்ளைகளின் சித்திரக்கதைக்கு ஒன்று. காதல் கதைக்கு டாக்டர் சுஹைர். பொம்பளை, அதிலும் டாக்டர். அப்பாவுக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும்.

தாளின் உச்சியில் முதலில் பேரை எழுதுவார், அப்புறம்தான் பேனா நகரும். பேய் ஆசாமியின் பேரைப் போட்டால் கதவு கிரீச்சிடும். சுஹைர் பேரைப் போட்டால் யாராவது நைல் பாலத்தில் நின்று அழுவார்கள். இருபது வருஷமாகக் கெய்ரோ பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் அப்பாவைப் படித்தார்கள். ஒருத்தருக்கும் அப்பாவைத் தெரியாது.

பதிப்பக முதலாளி ஹாஜி ஷவ்கி வாக்குக் கொடுத்திருந்தார்: "நூறாவது புத்தகம் உங்க சொந்தப் பேர்லதான், உஸ்தாத். சத்தியம்."

அப்பா அதை ஆறு மாதம் எழுதினார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போன கதை. வீட்டில் வாய் திறக்காததெல்லாம் அதில் இருந்தது.

ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு முன்னால் மூவாயிரம் பிரதி வந்து இறங்கியது. அட்டையில் டாக்டர் சுஹைர்.

ஹாஜி கைப்பிரதியை எடுத்து நீட்டினார். "அச்சுக்காரனைத் திட்டாதீங்க. முதல் தாளைப் பாருங்க. யார் கையெழுத்து இது?"

அப்பாவுடையதுதான். பழக்க தோஷத்தில் தாளின் உச்சியில் சுஹைர் பேரைப் போட்டிருந்தார்.

"உங்க பேரை அச்சடிச்சு மேல ஒட்டிடலாமா?"

"வேண்டாம் ஹாஜி. டீயைக் குடிங்க."

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று தடவை பெயிலானவள்தான். ஆனால் அப்பா பேரை எழுத வரும். ரம்சீஸ் ஸ்டேஷன் பேப்பர் கடைக்குப் போய், அட்டையில் சுஹைரை அடித்துவிட்டு அப்பா பேரை எழுதினேன். பதினோராவது புத்தகத்தில் கடைக்காரர் கையைப் பிடித்துவிட்டார்.

"பைத்தியமா உனக்கு? யாருடி இந்த நஷாத்?"

"எழுதினவரு."

"போடி! எம் பொண்டாட்டி இதைப் படிச்சிட்டு ரெண்டு நாளா அழுறா. ஆம்பளைக்கு இப்படி எழுத வருமா?"

பதினொன்றையும் என் தலையில் கட்டினார். வீட்டு மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அப்பா ஒன்றை எடுத்து அட்டையைப் பார்த்தார். திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

"கடைக்காரர் பொண்டாட்டி ரெண்டு நாளா அழுறாளாம்," என்றேன்.

"எந்த இடத்துலன்னு சொன்னாரா?"

"கேக்கலை."

தலையாட்டினார். இந்தப் புத்தகத்துக்காகச் சுஹைருக்கு வந்திருந்த வாசகியர் கடிதக் கட்டைப் பக்கத்தில் இழுத்து, முதல் உறையைக் கிழித்தார்.