சைமன்ராஜை எழுப்பியது யார்

ஸ்டெல்லா வடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுடைய அண்ணன் சைமன்ராஜ் நெய்வேலிச் சுரங்கத்தில் பம்ப் பிரிவில் பர்மனென்ட். கல்யாணம் செய்துகொள்ளாமல், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அம்மா சகாயமேரியோடு இருந்தான். அண்ணனுக்கும் தங்கைக்கும் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் மேல் பைத்தியம்.

ஞாயிறு பூசை முடிந்து ஸ்டெல்லா அங்கே வந்ததும், கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில் சண்டை தொடங்கும். விஷயம் எப்போதும் ஒன்றுதான். கணினியைப் போட்டதும் முதலில் ஒரு நிரல் விழிக்கும். அதற்கு இனிட் என்று பெயர், எண் ஒன்று. மற்ற நிரல்களை எழுப்புவது அதுதான். தங்களைப் பெற்ற நிரல் செத்துப்போய் அநாதையாக நிற்பவற்றைத் தத்தெடுத்துக்கொள்வதும் அதுதான். சைமன்ராஜுக்கு அந்தக் காலத்துப் பழைய இனிட் போதும். ஸ்டெல்லா, இன்று பெரும்பாலோர் வைத்திருக்கும் சிஸ்டம்டி பக்கம்.

"அண்ணே, ராத்திரியில ஒரு சர்வீஸ் செத்துப்போச்சுன்னா சிஸ்டம்டி தானா எழுப்பிவிட்டுடும். காலையில வர்ற நோயாளிக்கு ரிப்போர்ட் ரெடியா இருக்கும். உன்னோடதுல?"

"செத்தது செத்ததா கிடக்கும். நான் போயி, ஏன் செத்துச்சுன்னு தெரிஞ்சிக்கினு அப்புறம் எழுப்புவேன். நீ பாட்டுக்கு எழுப்பிக்கினே இருந்தா, எதனால செத்துச்சுன்னு யாருக்குமே தெரியாமப் போயிடும்."

"பாக்க ஆளில்லன்னா?"

"ஆளில்லாத வூட்டுல அது எதுக்கு எழுந்திரிக்கணும்?"

"சாப்புடுற நேரத்துல எவன் செத்தான்னு இப்பிடிப் பேசிக்கினு இருக்கீங்க," என்பார் சகாயமேரி.

சர்க்கரை நோயில் அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியபோது, சைமன்ராஜ் கையகலக் கணினி ஒன்றை வாங்கி, மாதா படத்துக்குக் கீழே சின்னத் திரையும் ஸ்பீக்கருமாக வைத்தான். மதியத்தில் அவன் குரலிலேயே அது கேட்கும்: "அம்மா, மாத்திர போட்டியா?" கொஞ்ச நேரம் விட்டு, "சரி, தண்ணி குடி." அதைப் பழைய இனிட்டில்தான் ஓட விட்டான். நின்றுபோனால் நின்றதுதான். அவன் வந்து பார்த்தால்தான் உண்டு.

தவக்காலம் தொடங்கிய வாரம், ஷிஃப்ட் முடித்து பஸ்ஸில் உட்கார்ந்தவன் இறங்கவில்லை. மாரடைப்பு.

அடக்கம் முடிந்த மறுநாள், உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது கணினி பேசியது. காபி டம்ளரோடு ஒருவரும் அசையவில்லை. சகாயமேரி மட்டும், "போட்டேம்பா," என்றார்.

அம்மாவுக்குத் துணையாக ஸ்டெல்லா அங்கேயே தங்கினாள். அந்த வரிசையில் இருந்த மற்ற வீடுகளைக் காலி செய்துவிட்டிருந்தார்கள். பூட்டிய கதவுகளின் முன்னால் வேப்பஞ்சருகு குவிந்துகிடந்தது. மதியத்தில் சுரங்கத்தில் வெடி வைத்தால் ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். பிறகு அண்ணனின் குரல் வரும். அம்மா நாளுக்கு நாள் அதனோடு கூடுதலாகப் பேசத் தொடங்கினார். மழை வருமா என்று கேட்டார். மேல்பட்டாம்பாக்கத்துச் சித்தி வந்துபோனதைச் சொன்னார்.

ஸ்டெல்லாவால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் அந்த நிரலை நிறுத்தினாள். போய்விட்டதா என்று மறுபடி பார்த்தாள். போய்விட்டிருந்தது. மதியம் அவள் சமையலறையில் இருந்தபோது குரல் வந்தது.

"அம்மா, மாத்திர போட்டியா?"

ஓடிப் போய்ப் பார்த்தாள். நிரல் புதிதாக எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. யார் எழுப்பியது என்ற இடத்தில் எண் ஒன்று என்று இருந்தது. பழைய இனிட் செத்ததைத் தானாக எழுப்பாது. எழுப்பச் சொல்லி எழுதிவைக்க அதில் இருக்கும் ஒரே இடத்தையும் பார்த்தாள். அண்ணன் அங்கே எதுவும் எழுதவில்லை. நேரப்படி ஓடும் வேலைகளிலும் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து யாரும் உள்ளே நுழைந்த தடயமும் இல்லை.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் மதியம் சகாயமேரி தன் நாற்காலியில் உட்கார்ந்தார். வீடு அமைதியாக இருந்தது.

"போட்டேம்பா," என்றார். கொஞ்ச நேரம் விட்டு, "குடிக்கிறேன், குடிக்கிறேன்."

ஸ்டெல்லா திரையைப் பார்த்தாள். நிரல் ஓடிக்கொண்டிருந்தது.

"யார்கிட்டம்மா பேசுற?"

"சும்மா இரு. நீ பேசுனா அவன் சொல்றது காதுல வுழல." அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் பதிவு செய்த இரண்டு வாக்கியங்களுக்கு ஆகிற நேரத்தை விடவும் நீண்ட நேரம் கேட்டார். பிறகு மகள் நின்ற பக்கம் திரும்பினார். "உன்னத்தான் கேக்குறான். என்னை யாரு எழுப்புனதுன்னு ஸ்டெல்லாகிட்ட கேளுங்கிறான்."

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுகளையெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், அதுதான் இப்படி வெளியே வருகிறது என்று ஸ்டெல்லா தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அவள் பதில் சொன்னது மாதா படத்துக்குக் கீழே இருந்த கணினியைப் பார்த்துத்தான்.

"நான் இல்லண்ணே. சத்தியமா நான் இல்ல."

சகாயமேரி காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "களைச்சிருக்கான்டி. நிறுத்திடு."

ஸ்டெல்லா பிளக்கைப் பிடுங்கவில்லை. முறைப்படி அணைக்கும் கட்டளையைக் கொடுத்தாள். சைமன்ராஜ் எழுதிய கட்டளை ஸ்கிரிப்டுகள் ஒவ்வொன்றாக மற்றவற்றை நிறுத்தி, தாங்களும் நின்றன. கடைசியாக எண் ஒன்று. பச்சை விளக்கு அணைந்தபோது அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

கோடையில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து அம்மாவை வடலூருக்கு அழைத்து வந்தாள். அங்கே சகாயமேரி எந்தக் குரலுக்கும் பதில் சொல்லவில்லை. கணினியை ஸ்டெல்லா யாருக்கும் கொடுக்கவில்லை, திரும்பப் போட்டும் பார்க்கவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் இன்றும் சிஸ்டம்டிதான். இரவில் எது செத்தாலும் அது எழுப்பிவிடுகிறது. காலையில் எல்லாமே ஓடிக்கொண்டிருக்கின்றன. முன்பெல்லாம் அதைப் பார்த்தவுடன் ஸ்டெல்லா டீ குடிக்கப் போய்விடுவாள். இப்போது மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்து, இரவில் எது செத்தது, எதனால் செத்தது என்று வரி வரியாகப் படிக்கிறாள். காரணம் கிடைக்காத ஒன்றிரண்டு எப்போதும் இருக்கின்றன. அவற்றைத் தன் கையாலேயே நிறுத்துகிறாள். கையால் நிறுத்தியதை சிஸ்டம்டியும் எழுப்பாது. பிறகு கொஞ்ச நேரம், ஏதாவது எழுந்துவிடுகிறதா என்று திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாள்.