கருவாட்டுச் சட்டியும் அக்காவின் கால் புண்ணும்

போன செவ்வாய்க்கிழமை, கருமத்தம்பட்டியில் அக்கா வீட்டுச் சமையல்கட்டில், என்னை நானே பார்த்தேன். அலமாரிக் கதவின் உள்பக்கம், சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ஓரமெல்லாம் மஞ்சள் கறையோடு... நாலு மாதத்துக்கு முன்னால் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் நான் எழுதிய பத்தி!

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கால் நரம்புச் சுருட்டலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டதையும், கணுக்காலுக்கு மேலே இரண்டு வருஷமாக ஆறாத புண் ஆறே வாரத்தில் மூடிக்கொண்டதையும் எழுதியிருந்தேன். அதோடு விட்டேனா? முட்டை கிடையாது, கறி கிடையாது, கருவாட்டு வாசனைகூடக் கிடையாது, ரசம் சோறுதான் என்று என் பத்தியத்தை அடுக்கியிருந்தேன். கடைசியில் ஒரு முத்தாய்ப்பு வேறு - 'வாயைக் கட்டினவனுக்குத்தான் புண் ஆறும்.'

பாராட்டி வந்த கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவ்வளவு மண்டைக்கனம்.

அதில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதே வாரம், அதே டாக்டரிடம், என் அக்காவும் அதே ஆபரேஷன் செய்துகொண்டாள். நான் இருபது வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற வாத்தியார். அவள் அதைவிட அதிக காலம் விசைத்தறி முன்னால் நின்றவள். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் புண். என்னுடையது மூடியது. அவளுடையது மூடவில்லை.

ஏன்? அவள் வீட்டில் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது - வாயைக் கட்டவில்லை, ஒளித்து வைத்து ஏதோ சாப்பிடுகிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை. நினைத்தேன். நினைத்ததைத்தான் பத்தியாக எழுதினேன் என்பது அந்த அலமாரி முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

அக்காவுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணாடி வளையல் முழங்கைவரை வழுக்கிக்கொண்டு ஓடியது. நாலு மாதமாக ரசம் சோறுதானாம். பருப்பு? நிறுத்திவிட்டாளாம். தயிர்? அதையும். நான் சொன்னதற்கு இரண்டு படி மேலேயே போயிருந்தாள்.

"நீ எழுதுனபடியே இருந்துபோட்டேன் கண்ணு. அப்பிடியும் ஆற மாட்டீங்குது. என்ன தப்புப் பண்ணுனன்னுதான் தெரீல."

உடனே ஒரு கார் பிடித்து, அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்... அன்றைக்கு அது எனக்கு உதவவில்லை. புண் மூட உடம்பு புதுச் சதை வளர்த்தாக வேண்டும், அதற்கு முட்டையும் பருப்பும் உள்ளே போயாக வேண்டும் என்றார். சார் எழுதுவதைப் படிக்கலாம், அதன்படி சாப்பிடக் கூடாது என்றும் சொன்னார்.

ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் என்னுடையதைப் போலவே ஆறியிருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று திருப்பிக் கேட்டார்.

இருந்தது. எங்கள் அப்பாவுக்கு. அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். சாகும்வரை அந்தப் புண்ணோடுதான் இருந்தார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஆபரேஷன், காலில் ரத்தம் தேங்குவதைத்தான் சரிசெய்யும். தோலை மூடுவது உடம்பின் வேலை. அதில் சிலருக்கு வேகம், சிலருக்கு மந்தம். அதில் ஒரு பங்கு பிறக்கும்போதே ஜீனில் வந்துவிடுகிறதோ என்று இப்போதுதான் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். நாங்கள் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள்தானே என்றேன். ஒரே சீட்டுக்கட்டுதான் சார், ஆளுக்கு விழுகிற கை வேற வேற என்று சிரித்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"இது உங்க தப்பு இல்லீங்கம்மா. உங்க உடம்பு வாகு. உங்கய்யனுக்கும் இதே வாகா இருந்திருக்கலாமுங்க."

அக்கா முகம் தெளியும் என்று பார்த்தேன். கண்தான் நிறைந்தது.

"அப்போ... எங்கய்யன் திருடித் திங்கலீங்களா?"

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். அய்யனுக்குக் கருவாடு என்றால் உயிர். புண் வந்ததும் அம்மா அதை நிறுத்திவிட்டாள். மற்றவர்களுக்காக வாங்கியதைச் சட்டியில் போட்டு, தினமும் சாயங்காலம் துண்டுகளை எண்ணச் சொல்வாள். எண்ணுகிற வேலை அக்காவுக்கு. காட்டிக்கொடுக்கிற வேலை எனக்கு. ஒன்று குறைந்தால், பூனை தின்றிருந்தாலும் பழி அய்யன் மேல்தான். பார்க்க வந்த சொந்தக்காரர்களும் வாயைக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நான் எடுக்கலை சாமி என்பார் அய்யன். யாரும் நம்பியதில்லை. நாங்களும்தான்.

ஒரு துண்டு எடுத்தே இருந்தாலும்தான் என்ன? புண் ஆறாததற்குக் கருவாடு காரணமில்லையே!

டாக்டர் நர்ஸைக் கூப்பிடாமல், தானே குனிந்து அக்கா காலில் கட்டுப் போட்டுவிட்டார். திரும்பும் வழியில் கார் சூலூர் பிரிவைத் தாண்டியது. என்னை மன்னித்துவிடு அக்கா என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பத்தியைக் கிழித்துப் போடச் சொன்னேன். தம்பி எழுதினதை எப்படிக் கிழிப்பது என்றாள். நானே கிழித்தேன்.

உங்களிடமும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என் புண் ஆறியதற்கு என் நாக்கு காரணமில்லை, எனக்கு விழுந்த சீட்டு நல்ல சீட்டு, அவ்வளவுதான். என் பேச்சைக் கேட்டுப் பத்தியம் பிடித்தவர் யாராவது இருந்தால், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அவர் சரியென்றால் இன்றைக்கே ஒரு முட்டை சாப்பிடுங்கள்.

அக்காவுக்குப் புண் ஆறுமா? நாளாகும், ஆறலாம் என்கிறார் டாக்டர். சத்தியம் செய்யவில்லை. ஆனால் அவள் இப்போது சாப்பிடுகிறாள். தப்புச் செய்தவள்போல் காலைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வதில்லை.

சனிக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்து, மறுநாள் சாப்பிட வரச் சொன்னாள். போனேன். அய்யன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. சோறு, குழம்பு, நடுவில் குவியலாக வறுத்த கருவாடு.

சட்டியில் எத்தனை துண்டு மீதி என்று யாரும் எண்ணவில்லை.