சித்திரையில் வைத்த அடை

கூமுட்டையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தளும்பும். நல்ல முட்டையில் அந்தச் சத்தம் இருக்காது. எனக்கு அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவள் சித்தி, என் சித்தப்பாவின் மனைவி. எண்பதுகளின் நடுவில், எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே இருந்த எங்கள் வீட்டில் ஏழெட்டுக் கோழிகள் நின்றன. எனக்கு ஒன்பது வயது. சித்தி வாக்கப்பட்டு வந்து நான்கு வருடமாகியும் பிள்ளை இல்லை.

பிள்ளை பெற்றவள் கைதான் அடைக்கு முட்டை வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூடையில் மணல் பரப்பி, இடிக்குப் பயந்து ஓர் இரும்பாணியும் அடுப்புக்கரியும் போட்டு, முட்டைகளை அடுக்கிக் கோழியை உட்காரவைப்பது அம்மாவின் வேலை. அந்தச் சித்திரையில் வடிகஞ்சி கொட்டி அம்மாவின் கை வெந்துபோனதால் சித்தி வைத்தாள். பதினோரு முட்டை. இருபத்தோரு நாள் கழித்து ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்தாள். எல்லாம் தளும்பின.

"வெயிலுதான்க்கா. சேவலப் பாருங்க, வாயப் பொளந்துக்கிட்டு வேலிக்கருவைக்குள்ளயே கெடக்கு. அது எங்க கோழியோட சேந்துச்சு? மாசியில வச்சிருந்தா பொரிச்சிருக்கும்."

"ஆமா, வெயிலு ஒன் கைக்கு மட்டுந்தான் அடிக்குதாக்கும்" என்றாள் அம்மா.

சித்தி கவனித்துத்தான் சொன்னாள். தை, மாசியில் நாள் தவறாமல் இடும் கோழிகள், வெயில் ஏற ஏற ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரத்துக்கு ஒன்று என்று குறைந்துவிடும். இட்ட முட்டையின் ஓடும் மெலிந்திருக்கும். ஆனால் அம்மா சொன்னதுதான் ஊருக்குள் போனது. "ஏத்தா, ஒங்க வீட்டு முட்டை ஆம்லேட்டுக்குக்கூட ஆகலையாமே?" என்று தண்ணீர்க் குழாயடியில் சித்தியைக் கேட்டுச் சிரித்தார்கள். சித்தப்பா அவள் கையால் சோறு வாங்கித் தின்பதை நிறுத்தினார்.

மறு வருடமும் சித்திரையில், குற்றம் சித்தியின் கையில்தான் என்று காட்ட வேண்டுமென்றே, அம்மா தன் கையால் பதின்மூன்று முட்டை வைத்தாள். நாள் நிறைந்த அன்று சித்தி விறகுக்குப் போயிருந்தாள். அம்மா ஒரு முட்டையை எடுத்துக் குலுக்கினாள். இன்னொன்றை. கடைசிவரை. பிறகு கூடையோடு தூக்கிப்போய்க் குப்பைக்கிடங்கில் கொட்டிச் சாம்பலை அள்ளிப் போட்டாள். ஒன்று உடைந்து நாற்றம் கிளம்பியது. "இந்த வெயிலுக்கு எதுதான் பொரிக்கும்" என்று தனக்குள் முனகிக்கொண்டாள். திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"கீரி தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லணும். வேற ஏதாச்சும் பேசுன, கொன்னுபுடுவேன்."

சாயங்காலம் விறகை இறக்கிப் போட்ட சித்தி, யாரையும் கேட்காமல் என்னிடம் வந்தாள். "பொரிச்சுச்சா, ஆத்தா?"

"கீரி தூக்கிட்டுப் போயிருச்சு, சித்தி."

காற்று குப்பைக்கிடங்குப் பக்கமிருந்துதான் வந்தது. அவள் அந்தத் திசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆடிக்குத் தாய்வீடு போய்வரட்டும் என்று அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கூப்பிடப் போகவே இல்லை. தையில் சித்தப்பாவுக்கு வேறு பெண் வந்தாள்.

என் மகளைப் பாலவனத்தத்தில் கொடுத்து மூன்று வருடமாகிறது. இன்னும் ஒன்றுமில்லை. நேற்று மத்தியானம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் அடை வச்ச முட்டை அம்புட்டும் கூமுட்டையாப் போச்சும்மா. எனக்குக் கைராசி இல்லையாம். கூடைப்பக்கமே வராதன்னுட்டாக அத்தை."

"வெயிலுதான் ஆத்தா அது."

"அத அவுககிட்டச் சொல்லுங்க. ஆமா, ஆடிக்கு அங்க வந்து கொஞ்ச நாள் இருந்துட்டு வரச் சொல்றாகம்மா."

தலை ஆடி முடிந்து இரண்டு ஆடி கடந்துவிட்டது. இப்போது எதற்கு? வெளியே வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. அம்மா இறந்து பல வருடங்களாகின்றன. சம்பந்தியிடம் பேசினால் அந்தப் பதின்மூன்று முட்டைகளையும், கீரி என்று சொன்ன என் வாயையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

"போன அத்தைகிட்டக் குடு" என்றேன்.

"எதுக்கும்மா?"

"குடு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. குலுக்கிய முட்டையை வைத்ததுபோல அதைக் காதோடு அழுத்திப் பிடித்து, உள்ளேயிருந்து வரப்போகும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.