வண்டிக்கு அடியில் இருவர்

எங்கள் அம்மா தன் பிறந்த வீட்டிலிருந்து கேட்டு வாங்கிய ஒரே சொத்து, ஓடாத ஒரு பிக்கப் வண்டி. போலகத்தில், அந்த வீட்டுக் கொல்லையில், நான்கு சக்கரங்களிலும் காற்று இறங்கி, அது இரண்டு மழைக்காலம் நின்றிருந்தது. அம்மாவின் அப்பா அதில் தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றி வாடகைக்கு ஓட்டியவர். அவர் இறந்து காரியம் முடிந்த கையோடு, மாமா வண்டியை எடைக்குப் போட ஆள் பேசிவிட்டார்.

“அத எனக்குக் குடுண்ணே” என்றாள் அம்மா.

“அத வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற?”

“ஓட்டப் போறேன்.”

மாமா சிரித்துவிட்டு டிராக்டரைக் கூப்பிட்டார். சக்கரங்களுக்குக் காற்றடித்து, சங்கிலி கட்டி, எங்கள் ஊரான நெடுங்காட்டுக்கு இழுத்து வந்தார்கள். அம்மா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். எங்கள் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. தேர் வருவதைப் போல எனக்குப் பெருமையாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பே அம்மா தன் அப்பாவிடம் ஓட்டக் கற்று லைசென்சும் எடுத்திருந்தாள். அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அப்பா வளைகுடா நாட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒரு மாத விடுப்பில் வருவார். அவருக்குச் சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது.

மாடுகளை விற்ற பிறகு சும்மா கிடந்த கொட்டகையை அம்மா வண்டிக்கு ஒதுக்கினாள். தரைக்கு சிமெண்ட் போட்டு, ஓலையைப் பிரித்துத் தகரம் மாற்றி, சுவரில் ஒரு பலகை அடித்து ஸ்பானர்களை அளவு வாரியாக மாட்டினாள். வண்டிக்குக் கீழே நின்று வேலை செய்ய, பட்டறைகளில் இருப்பதுபோல நடுவில் ஒரு குழியும் வெட்டினாள். வாய்க்காலில் தண்ணீர் விட்ட வாரமே குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. மறுநாள் அதில் தவளைகள் இருந்தன. நான் அவற்றுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கையில் அம்மா மண்ணடித்துக் குழியை மூடினாள். அதற்குப் பதில் செங்கல் வைத்து இரண்டு சாய்வு மேடைகள் கட்டினாள். வண்டியை அதன்மேல் ஏற்றினால் அடியில் ஆள் படுக்கலாம்.

மேடை யோசனை மெக்கானிக் மாமாவுடையது. காரைக்காலில் ஒரு பட்டறையில் வேலை செய்தவர். அம்மாவைவிட நாலைந்து வயது இளையவர், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சாயங்காலம் பட்டறை விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். உப்புக்காற்று தின்றதில் வண்டியின் தரைத்தகடு இற்று, கால் வைக்கும் இடத்தில் மண் தெரிந்தது. வயர்களை எலி கடித்திருந்தது. எஞ்சினைக் கழற்றிப் போட்டதில் பாதிக் கொட்டகை நிறைந்துவிட்டது. அம்மா சமையலை நான்கு மணிக்கே முடித்துவிட்டு, அப்பாவின் பழைய சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு அதற்குள் புகுந்துவிடுவாள். கேட்டால்தான் பேசும் அம்மா, அங்கே தானாகப் பேசினாள். சில சமயம் பாடினாள்கூட.

வெள்ளிக்கிழமைகளில் அப்பா போன் செய்வார். முகம் பார்த்துப் பேசும் வசதியெல்லாம் எங்கள் வீட்டுக்கு அப்போது வரவில்லை. போனை எடுப்பது என் உரிமை. வண்டியைப் பற்றி அம்மா அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். பழைய இரும்பில் பொழுதைப் போக்குகிறாள் என்று அவரும் விட்டுவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கேட்டார்.

“அம்மா என்னம்மா பண்றா?”

“வண்டிக்கு அடியில படுத்திருக்காங்கப்பா.”

“தனியாவா?”

“இல்லப்பா. மெக்கானிக் மாமாவும்தான். ரெண்டு பேரும் அடியிலதான் இருக்காங்க.”

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து “ஹலோ, ஹலோ” என்றேன். அறுபடவில்லை.

“அவரு தெனமும் வருவாரா?”

“தெனமும் வருவாங்க. நம்ம வீட்லதான் டிபன். நேத்து அம்மா அவங்களுக்கு மீன் வறுத்துக் குடுத்தாங்க. அம்மா பாட்டெல்லாம் பாடுறாங்கப்பா, தெரியுமா?”

அப்பா சந்தோஷப்படுவார் என்று எண்ணித்தான் பாட்டையும் சேர்த்துச் சொன்னேன்.

“அம்மாகிட்ட குடுக்கவாப்பா?”

“வேணாம். நான் இதெல்லாம் கேட்டேன்னு அவகிட்ட சொல்லாத. என்ன?”

பெரியவர் ஒருவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் ரகசியம் அது. யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரம், பக்கத்துத் தெருவிலிருந்த சித்தப்பா திடீரென்று சாயங்காலங்களில் வர ஆரம்பித்தார். கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார். இரண்டு நாள் பார்த்த அம்மா மூன்றாம் நாள் அவர் கையில் உப்புத்தாளைக் கொடுத்தாள்.

“சும்மாதானே ஒக்காந்திருக்கீங்க தம்பி. இந்தக் கதவத் தேய்ங்க.”

சித்தப்பா தேய்த்தார். ஒரு வாரத்தில் இரண்டு கதவுகளும் பளபளவென்று ஆகிவிட்டன. எந்த நீலம் அடிக்கலாம் என்று அவரும் மெக்கானிக் மாமாவும் சண்டையே போட்டார்கள். எதற்காக வந்தோம் என்பதை அவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குள் அங்கே அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை திருச்சியில் இறங்குவதாக அம்மாவிடம் சொன்னார். விடுப்புக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

“ஒடம்பு ஏதும் முடியலையா?” என்று அம்மா பதறிக் கேட்டாள். பிறகு வெகுநேரம் “ம்” மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பாகிட்ட நீ எதுவும் சொன்னியா?”

“ஒண்ணும் சொல்லலியே” என்றேன். என் வாக்கை நான் காப்பாற்றிவிட்டேன்.

மெக்கானிக் மாமாவை இனி வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. மாறாக, வேலையை வேகப்படுத்தினாள். செவ்வாய்க்கிழமை மாலை அவர் சாவியை அவளிடம் நீட்டினார். “நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கக்கா.”

இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவது முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்கக் கரும்புகை. கோழிகள் வேலியைத் தாண்டின. சித்தப்பா கைதட்டினார். அம்மா இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, எஞ்சின் ஓடுவதைக் கேட்டபடி இருந்தாள்.

“அண்ணனக் கூட்டியாற டாக்ஸி சொல்லிடவா அண்ணி?” என்றார் சித்தப்பா.

“எதுக்குத் தம்பி? நம்ம வண்டி இருக்குல்ல.”

“திருச்சி வரைக்குமா? அண்ணன் என்ன நெனப்பாங்க?”

“நெனக்கிறத வண்டியில ஒக்காந்து நெனக்கட்டும்.”

வியாழன் விடியும்போது அம்மாவும் நானும் மட்டும் கிளம்பினோம். கும்பகோணம் தாண்டியதும் எஞ்சின் சூடாகிவிட்டது. ஒரு டீக்கடையில் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றினாள். கடைக்காரர் டிரைவர் எங்கே என்று தேடினார்.

விமான நிலையத்தில் அப்பா பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நீல வண்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். “நீயா ஓட்டியாந்த?” என்று மட்டும் கேட்டார். அம்மா பெட்டிகளைப் பின்னால் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினாள். அவர் உதவிக்கு வருவதற்குள் முடிச்சும் போட்டுவிட்டாள்.

நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். தஞ்சாவூர் வரும்வரை அப்பா சாலையையே முறைத்துக்கொண்டு வந்தார். அப்பா கோபமாக இருக்கிறார் என்று தெரிந்தது. யோசித்ததில் காரணமும் பிடிபட்டது. நான் ரகசியத்தை உடைத்துவிட்டதாக அவர் சந்தேகப்படுகிறார். அவரைச் சமாதானப்படுத்த வேண்டும். காதருகே போனேன். எஞ்சின் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்காது.

“அப்பா! நீங்க கேட்டதப் பத்தி அம்மாகிட்ட நான் சொல்லவே இல்ல!” என்று கத்தினேன்.

அம்மா வண்டியை ஓரங்கட்டினாள். எஞ்சினை நிறுத்தினாள். பக்கத்தில் வாய்க்கால் ஓடும் சத்தம் அப்போதுதான் கேட்டது.

“புள்ளகிட்ட என்ன கேட்டீங்க?”

“ஒண்ணும் கேக்கல. வீட்ல என்ன நடக்குதுன்னு…”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே. எல்லாத்துக்கும் பதில் சொல்லியிருப்பேனே. இவள எதுக்குக் கேட்டீங்க?”

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். வாய்க்கால் கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அம்மா கூப்பிடவில்லை. கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்தாள் என்று நினைக்கிறேன், வேர்வையாகவும் இருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து, தலையை வெளியே நீட்டாமலேயே சொன்னாள்.

“ஏறுறதுன்னா ஏறுங்க. இல்லன்னா பின்னாடி பஸ் வரும். நான் ரெண்டுக்கும் தடை சொல்லல.”

அவர் வந்து ஏறினார். கும்பகோணத்துக்கு அருகில், “எஞ்சின் சூடாவுதா?” என்று கேட்டார். “ஆவுது” என்றாள் அம்மா.

மறுநாள் சாயங்காலம் மெக்கானிக் மாமா வழக்கம்போல வந்தார். அப்பா சற்றுத் தயங்கிவிட்டு, “வாங்க” என்றார். ரேடியேட்டரைக் கழற்றும்போது டார்ச் பிடித்தார். அம்மா அவர்கள் இருவருக்கும் எனக்கும் ஒன்றாக இலை போட்டாள். ஒரு மாதம் இருந்துவிட்டு அப்பா கிளம்பியபோது, அதே வண்டியில்தான் திருச்சிக்குப் போனார். அதன் பிறகு அம்மா காரைக்கால் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போக ஆரம்பித்தாள். அப்பாவும் பின்னாளில் ஊருக்கே திரும்பிவிட்டார்; இன்றுவரை அவரும் அம்மாவும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்த வாய்க்கால் கரையைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து வீடு திரும்பிய அன்று நான் அம்மாவிடம் போனேன். அவள் கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, “நான் ரொம்ப சத்தமாச் சொல்லிட்டேன்ல?” என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு ஈரக்கையால் என் தலையைத் தடவி, “ஆமா. நல்லா சத்தமாச் சொன்ன” என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. திட்டுவதற்குக்கூட மனமில்லாத அளவுக்குக் கெடுத்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டேன். ரகசியங்களை இனி மெதுவாகத்தான் சொல்ல வேண்டும் என்று அன்று தீர்மானம் செய்தேன்.