காத்து திரும்புறதுக்குள்ள

கீழவாஞ்சூர்ல துறைமுக ரோட்டுக்கு மேக்கால மூணாவது வீடு பிலோமின்ராஜோடது. அந்த ரோட்டுல ஒரு நாளைக்கு எத்தன கரி லாரி போவுதுன்னு யாரும் எண்ணுறதில்ல. எண்ணுற நேரத்துக்கு வீட்டக் கூட்டிடலாம். தார்ப்பாய எவ்வளவு இறுக்கிக் கட்டுனாலும் கரிக்கு ஒரு சந்து கெடைச்சிடும். எறங்கி ஊரச் சுத்திப் பாக்கக் கெளம்பிடும். சன்னல் கம்பி, தண்ணிக் கொடம், மாதா படம், எல்லாத்து மேலயும் ஒரு கறுப்புப் பூச்சு. அந்த ரோட்டுல வெள்ளத் துணி காயப்போடுற தெகிரியம் ஒரே ஆளுக்குத்தான் உண்டு.

பன்னெண்டு வருஷம் அதே கரி லாரிய ஓட்டுனவருதான் பிலோமின்ராஜ். முதுகுல டிஸ்க்கு நவுந்துபோச்சுன்னு டாக்டரு ஸ்டியரிங்கத் தொடக்கூடாதுன்னுட்டாரு. வீட்டுக்கு வந்து உக்காந்த மனுசன் ஒரு வாரம் செவுத்தப் பாத்தாரு. ரெண்டாவது வாரம் செவுத்துல ஒட்டடை தெரிஞ்சிது. எந்திரிச்சாரு. மூணு வருஷம் ஆச்சு, இன்னும் உக்காரல.

பொண்டாட்டி சலோமி டவுன்ல ஒரு ஆஸ்பத்திரில நர்சு. மவ எலோதி நாலாவது படிக்கிது. ரெண்டு பேரும் காலைல கெளம்புனப்பறம் வீடு பூரா பிலோமின்ராஜ் ராஜ்ஜியம். குனிஞ்சா முதுகு பிடிக்கும்னு தொவைக்கிற கல்லையே இடுப்பு ஒசரத்துக்கு மேடை கட்டித் தூக்கி வெச்சிட்டாரு. தரையத் தொடைச்சா வாசப்பக்கமா இழுத்துத்தான் முடிப்பாரு. காஞ்சதும் கோடெல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கும், காத்துல நாத்து சாஞ்ச மாதிரி. டிபன் பாக்ஸ்ல பீட்ரூட்டுக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவுல ஒரு கீத்து மாங்கா வைப்பாரு. கேட்டா, "ரெண்டும் எடுப்பாத் தெரியும்ல"ம்பாரு.

எல்லாத்துக்கும் மேல துணி காயப்போடுற கொடி. கம்பத்து உச்சில எலோதியோட பழைய ரோஸ் ரிப்பன் ஒண்ணு கட்டியிருக்கும். காலைல மேக்காத்து, ரிப்பன் கடலப் பாத்து ஆடும். கரியும் கடலப் பாத்துப் போவும். பதினோரு மணிவாக்குல கடக்காத்து எறங்குச்சுன்னா போன கரி பூரா சீர்வரிசையோட திரும்பி வரும். ரிப்பன் திரும்புறதுக்குள்ள துணி உள்ள வந்துடணும். அந்த மூணு நாலு மணி நேரத்துக்குள்ளயே ஒரு அலங்காரம் வேற. கடைசில லுங்கி, அதுக்கப்புறம் நீலம், பச்ச, எலோதியோட மஞ்சச் சட்ட, மொத வெயிலு படுற எடத்துல சலோமியோட வெள்ள யூனிஃபார்ம். ஒரு துணிக்குப் போடுற ரெண்டு கிளிப்பும் ஒரே நெறமா இருக்கும். வெயிலு ஏற ஏற ஒவ்வொரு நெறமா முழிச்சிக்கிட்டு வரும். அத ஒரு நிமிசம் நின்னு பாப்பாரு. ஒரே ஒரு நிமிசம்தான், அடுப்புல பாலு இருக்கும்.

எதுத்தாப்புல டீக்கடை வெச்சிருக்குற கருப்பையனும் பாப்பாரு. அவரு தொண்டை வெல்லப்பாகு காச்சுற சட்டி மாதிரி, கொதிச்சிக்கிட்டே இருக்கும்.

"யோவ் பிலோமினு. கொடியெல்லாம் ஜோராத்தான் இருக்கு. வேல எதுனா கெடைச்சிதாய்யா?"

"பாத்துக்கிட்டிருக்கேண்ணே."

மூணு வருஷமா தெனமும் இதே கேள்வி, இதே பதிலு. வேல எதையும் பிலோமின்ராஜ் பாக்கல. ஆனா அப்புடிச் சொல்லிப் பழகிடுச்சு.

இந்த வருஷம் மாங்கனித் திருவிழாவுக்கு மொத நாளு சலோமியோட அண்ணன் எத்மோன் பிரான்ஸ்லேருந்து வந்து எறங்குனாரு. ஆரம்பிக்கிறப்ப பிரெஞ்சுல ஒரு 'அலோர்', முடிக்கிறப்ப ஒரு 'வுவாலா', நடுவுல சுத்தமான, பொறந்த ஊரு கோட்டுச்சேரித் தமிழ். மாமா நடந்து போனா பின்னாடியே எலோதி கையக் கட்டிக்கிட்டு அதே நடை நடந்து காட்டும். எத்மோனு ஊருக்கு வந்தா யாருக்காவது நல்லது பண்ணாமத் திரும்ப மாட்டாரு. இந்தத் தடவ மாட்டுனது மாப்பிள்ள.

"அலோர் மாப்ள, ஆம்பளன்னா காலைல வீட்ட விட்டு வெளிய போவணும். எங்க போறோங்கறது அப்பறம். வே பிரிட்ஜ்ல லாரி எடை போட்டு பில்லு குடுக்குற வேல ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். உக்காந்த எடத்துல வேல, ஏசி வேற. திங்கக்கெழம சேரணும். வுவாலா."

"யோசிச்சுச் சொல்றேன் மச்சான்."

பிலோமின்ராஜுக்கு இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல, போவ இஷ்டமில்ல. ஆனா அத அவரு வாயால சொன்னா சோம்பேறிம்பாங்க. சலோமி சொல்லணும். 'எங்க வீட்டுக்காரரு வீட்டுல பாக்குறதும் வேலதான்'னு நாலு பேருக்கு முன்னாடி ஒரு தடவ சொல்லணும். மூணு வருஷமா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காது காத்துக் கெடந்துச்சு. சலோமியோ சாப்புட்ட தட்டப் பாத்துக்கிட்டே, "உங்க இஷ்டங்க"ன்னு எந்திரிச்சுப் போயிட்டுது.

செவ்வாக்கெழம காலைல சலோமி டூட்டிக்குப் போனப்பறம் வாசல்ல ஒரு ஸ்கூட்டி வந்து நின்னுச்சு. கூட வேல பாக்குற நீலாயதாட்சி. அது பேசுனா மூச்சு வாங்குறது நமக்குத்தான்.

"அண்ணே, நான் நீலா, சலோமி வார்டு, நைட்டு முடிச்சுட்டு அப்புடியே வர்றேன், இந்தப் பைல ரெண்டு யூனிஃபார்ம் இருக்குண்ணே, வியாழக்கெழம இன்ஸ்பெக்ஷன், சலோமி யூனிஃபார்ம் மட்டும் அப்புடிப் பளிச்சுன்னு இருக்கு, கேட்டா வீட்டுப் பக்கத்துல ஒரு லாண்டரிங்கிறா, எங்கன்னு கேட்டா மழுப்புறா, நீங்க போறப்ப இதையும் சேத்துக் குடுத்துடுங்கண்ணே." கொஞ்சம் நின்னு, மடிச்சுக் கட்டுன லுங்கியையும் ஈரக் கையையும் பாத்துது. "டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல இருக்கீங்கன்னு சலோமி சொல்லுச்சு. இன்னைக்கு லீவாண்ணே?"

"ஆமாம்மா. லீவுதான். வெச்சுட்டுப் போ."

ஸ்கூட்டி போயிருச்சு. பிலோமின்ராஜ் பையப் பிடிச்சிக்கிட்டு அப்புடியே நின்னாரு. லாண்டரியாம், ஆபீஸாம். அவருக்கு முதுகு வலிக்கல, வேற எங்கியோ வலிச்சுது.

கூடத்துல காப்பி குடிச்சிக்கிட்டிருந்த எத்மோனு டம்ளர வெச்சாரு. இந்தத் தடவ அவரு கொரலு கொஞ்சம் எறங்கித்தான் இருந்துச்சு. "பாத்தியா மாப்ள. உன் பொண்டாட்டிக்கே சொல்ல வாய் வரல."

"திங்கக்கெழம வர்றேன்னு சொல்லிடுங்க மச்சான்."

சொல்லிட்டு பையப் பிரிச்சாரு. எவ்வளவு மனசு சரியில்லன்னாலும் அழுக்குத் துணிய அப்புடியே வெச்சுட்டு உக்கார அந்த மனுசனுக்குத் தெரியாது. கோட்டுப் பாக்கெட்டுல பேனா ஒழுவுன மை. கைல மஞ்சளா டிஞ்சர் கறை. துணி பூரா ஒரு சாம்பல் நெறம், மழைக்கு மொத நாள் வானம் மாதிரி. மைக்கு சானிடைசரப் பஞ்சுல நனைச்சு ஒத்துனாரு. டிஞ்சருக்கு எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு விட்டாரு, மஞ்சக் கறை பாத்துக்கிட்டு இருக்கும்போதே கரைஞ்சு போச்சு. தொவைச்சு, அலசி, சாதம் வடிச்ச கஞ்சில ரெண்டே சொட்டு நீலம் விட்டு முக்கி எடுத்து, மொத வெயிலு படுற எடத்துல, சலோமியோட யூனிஃபார்ம் தொங்குற எடத்துலயே போட்டாரு. ரெண்டு கிளிப்பும் வெள்ள.

அப்பறம் உள்ள வந்து ராத்திரிச் சப்பாத்திக்கு மாவு பெசைய உக்காந்தாரு. கை பெசைஞ்சுது, நெனப்பு லாண்டரியிலயே சுத்துச்சு. மூணு வருஷத்துல மொத தடவையா ரிப்பனப் பாக்க மறந்தாரு. அன்னைக்குன்னு பாத்து காத்து பத்து மணிக்கே திரும்பிடுச்சு.

மொதல்ல பாத்தது எத்மோனு. நீலாவோட ரெண்டு காலரு மேலயும் மெல்லிசா கரித்தூளு. மனுசனுக்கு உதவி பண்ணுற கை வேற, சும்மா இருக்குமா. ஈரத் துண்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. தொடைக்கக் கை ஓங்குறப்ப உள்ளேருந்து ஒரு கொரலு வந்துச்சு.

"மச்சான், கைய எடுங்க."

பத்து வருஷத்துல மாப்பிள்ள மச்சானுக்கு அதட்டல் போட்டது அதான் மொத தடவ. எத்மோனு துண்டோட அப்புடியே நின்னாரு.

"கரி காஞ்சிருந்தா தூசி. ஈரம் பட்டுச்சா, மை. அப்பறம் ஆண்டவரே வந்தாலும் போவாது."

துணி காஞ்சிருந்துச்சு, அதான் பொழைச்சுது. பிலோமின்ராஜ் அத உள்ள கொண்டாந்து, காலரத் திருப்பிப் பிடிச்சு, உள்பக்கத்துலேருந்து வெரலால சுண்டிச் சுண்டித் தட்டுனாரு. பாதிக் கரி பறந்துச்சு. மீதிக்கு, எண்ணெ தொடாத கெட்டி மாவுல ஒரு நெல்லிக்கா அளவு உருட்டி, காலரு மேல மெதுவா, அழுத்தாம, ஒரே பக்கமா உருட்டிக்கிட்டே போனாரு. உருண்ட கறுத்துச்சு, காலரு வெளுத்துச்சு. கறுத்தத தூரப் போட்டுட்டு வேற ஒண்ணு. ஆறு உருண்ட. ஏழாவது உருண்ட எடுத்தது எடுத்த மாதிரி வெள்ளையாவே வந்துச்சு.

"அலோர்..."ன்னு ஆரம்பிச்சாரு எத்மோனு. வுவாலா சாயங்காலம் வரைக்கும் வரல.

மூணு மணிக்கு சலோமி வந்துச்சு. கூடத்துல தொங்குன யூனிஃபார்மப் பாத்துச்சு. தன்னோட அளவு இல்ல.

"இது யாரோடதுங்க?"

"நீலா சிஸ்டரோடது. லாண்டரில குடுக்கச் சொல்லிச்சு. குடுத்தேன். லாண்டரிக்காரரு வாங்கிக்கிட்டாரு."

சலோமி செருப்பக் கழட்டுன எடத்துலயே நின்னுச்சு. உள்ள எத்மோனு டிவி சத்தத்தக் கூட்டி வெச்சாரு.

"கேலி பண்ணுவாங்கன்னு சொல்லலைங்க."

"யார?"

இந்தத் தடவ பதிலு பொய்யா வரல. "என்னையத்தான்."

"சரி. இனிமே கவலப்படாத. திங்கக்கெழம வே பிரிட்ஜ்ல சேர்றேன். உனக்கும் சொல்லிக்க ஒரு ஆபீஸ் ஆச்சு." சத்தம் போட்டுச் சொல்லல. மாவுச் சட்டிய மூடிக்கிட்டேதான் சொன்னாரு. சலோமிக்கு அன்னைக்கு ராத்திரி சப்பாத்தி ஒண்ணுக்கு மேல எறங்கல.

புதங்கெழம இஸ்திரி. கோட்டு காலரு தாமரை மொட்டு மாதிரி நிமுந்து நிக்கிற மாதிரி ஒரு மடிப்பு, அது அவரே கண்டுபிடிச்சது. ரெண்டையும் பழைய பேப்பர்ல சுத்தி, நூலு போட்டுக் கட்டி வெச்சாரு. வியாழக்கெழம விடியக்காத்தால சலோமி அந்தப் பொட்டலத்த எடுத்துக்கிட்டு, "பேனா எங்கங்க?"ன்னுச்சு.

குடுத்தாரு. "மூடி போட்டு வை. பாக்கெட்டுல ஒழுவும்."

ஒரு சீட்டுல என்னமோ எழுதி, குண்டூசியால பொட்டலத்துல குத்திக்கிட்டுப் போச்சு. நீலா பேருதான் எழுதியிருக்கும்னு நெனச்சுக்கிட்டாரு.

ஒம்பது மணிக்கு அவரு போனுல ஒரு வாய்ஸ் மெசேஜ். வார்டு குரூப்புல வந்தத சலோமி அனுப்பியிருந்துச்சு. இன்சார்ஜ் சிஸ்டர் கமலாம்பாள் கொரலு. ஸ்கூலு அசெம்பிளில பேரு கூப்புடுற கொரலு அது, கேட்டா யாரா இருந்தாலும் நிமுந்து நிக்கணும். கைல துணியோட இருந்த பிலோமின்ராஜ் நிமுந்தாரு. காப்பி குடிச்சிக்கிட்டிருந்த எத்மோனும் நிமுந்தாரு.

"சிஸ்டர்ஸ் எல்லாரும் கேளுங்க. ரவுண்ட்ஸ் வந்த மேடம் நீலா காலரத் தொட்டுப் பாத்து எந்த லாண்டரின்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க. நீலாவுக்கு வந்த பார்சல்ல ஒரு சீட்டு இருந்துச்சு, படிக்கிறேன். 'துவைத்து, கஞ்சி போட்டு, மடித்தவர் பிலோமின்ராஜ், கீழவாஞ்சூர். என் கணவர். மூன்று வருஷமாக என் யூனிஃபார்மும் என் வீடும் இவர் கையில்தான். லாண்டரி, ஆபீஸ் என்று நான் சொன்னதெல்லாம் பொய். சலோமி.' பொய்ய நான் அப்பறம் விசாரிச்சிக்கிறேன். சலோமி, உங்க வீட்டுக்காரர ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. தொவைச்சுக் குடுக்கச் சொல்லல. எங்களுக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்றேன். மரியாதையா கூப்புடுறேன்னு சொல்லுங்க."

அதுக்குப் பின்னாடியே சலோமி கொரலு, ரகசியம் பேசுற மாதிரி. "என்னங்க. எல்லாருக்கும் முன்னாடி நானே ஒரு தடவ படிச்சுக் காட்டிட்டேங்க. அதுக்கப்பறந்தான் சிஸ்டர் படிச்சாங்க. வே பிரிட்ஜ் உங்களுக்குப் பிடிச்சா போங்க. எனக்காகப் போவ வேணாம்."

பிலோமின்ராஜ் போன வெச்சுட்டு, கைல இருந்த துணிய மடிச்சாரு. ஏற்கெனவே மடிச்ச துணி அது. பிரிச்சு, மறுபடி மடிச்சாரு.

"இன்னொரு தடவ போடு மாப்ள"ன்னாரு எத்மோனு. போட்டாரு. கேட்டு முடிச்சுட்டு எத்மோனு எந்திரிச்சு உள்ள போயி, பெட்டிக்கு அடியிலேருந்து சுருட்டி வெச்ச ஒரு வெள்ளச் சட்டையக் கொண்டாந்தாரு. மாங்கனி அன்னைக்கு சாமி ஊர்வலத்துல மாடிலேருந்து எறைச்ச மாம்பழம் ஒண்ணு தோள்ல விழுந்து வெடிச்சிருக்கு. கறை பிரான்ஸு தேசத்து மேப்பு அளவுக்கு.

"இது போவுமா?"

பிலோமின்ராஜ் சட்டைய வெளிச்சத்துல பிடிச்சாரு. மூக்குக்கிட்ட கொண்டுபோயி மோந்தாரு. "அன்னைக்கே குடுத்திருந்தா சுளுவு. இப்ப ரெண்டு வெயிலு ஆவும். ஆனா போவும்."

"அலோர், வே பிரிட்ஜ்காரருக்கு நான் சொல்லிடுறேன்."

"என்னன்னு மச்சான்?"

"ஆளுக்கு வேல இருக்குன்னு. வுவாலா."

சட்டைய அலசி எடுத்துக்கிட்டு பிலோமின்ராஜ் கொடிக்கிட்ட வந்தாரு. ரிப்பன் இன்னும் கடலப் பாத்துத்தான் ஆடிக்கிட்டிருந்துச்சு. மொத வெயிலு படுற எடத்துல சலோமி யூனிஃபார்ம், அதுக்குப் பக்கத்துல மச்சான் சட்ட. ஒரு அடி பின்னாடி தள்ளி நின்னு பாத்தாரு. கிளிப்பு ஒண்ணு மாறியிருந்துச்சு, கழட்டி சரி பண்ணுனாரு.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சட்டி கொதிச்சுது. "யோவ் பிலோமினு. வேல கெடைச்சிதாய்யா?"

பிலோமின்ராஜ் திரும்பல. கிளிப்பு மேலயே கண்ணு.

"அது கெடைச்சு மூணு வருஷம் ஆவுதுண்ணே."